பொருள்: படிக்கட்டு விளக்கு எரியாமை

ஆகஸ்ட் 3, திங்கள்

இன்று காலை மொட்டை மாடியில் ஒரு நிகழ்ச்சி. எனக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் குடியிருக்கும் எப்சிபா அம்மாள் செய்தித்தாளில் நெத்திலி மீன் காய வைத்துவிட்டு, எனக்கு முதுகு காட்டிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் வழக்கமான இருபது சுற்றில் பதினான்காவது சுற்றில் இருந்தேன். ஒரு காகம் வந்து மீனருகே உட்கார்ந்தது. எச்சரிப்பது கடமை என்று தோன்றியது.

“அம்மா, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்கிடக் கூடாது. உங்க வேலையில குறுக்கிடணும்னு எனக்கு எண்ணம் கெடையாது. நான் சொல்லுதது தப்பாக்கூட இருக்கலாம். ஆனாலும் பார்த்தவன் பார்த்ததைச் சொல்லாம இருக்கதும் முறையில்ல. அதாவது, உங்களுக்குச் சொந்தமான ஒரு பொருளை…”

அதற்குள் காகம் தன் சுற்றத்தாரை அழைத்து, பந்தி முடிந்து, எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

எப்சிபா அம்மாள் திரும்பினார். வெறும் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கடிகாரம் இல்லாத தன் மணிக்கட்டைப் பார்த்து, “மூணு நிமிஷம் முடிஞ்சிட்டு. எக்ஸ்டெண்ட் பண்ணணுமா சார்?” என்றார்.

டிரங்க் கால் இருந்த காலத்தில் அவர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வெளியூர்க்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவே நுழைந்து, மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா, துண்டிக்கவா என்று கேட்பது அவர் வேலையில் ஒரு பகுதி. பழக்கம் போகவில்லை.

‘காக்கா’ என்ற ஒரு சொல் போதுமாயிருந்திருக்கும். பத்தொன்பதாவது சுற்றில்தான் அது எனக்குத் தோன்றியது.

ஆட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடிதப் பிரிவில் இருந்தேன். நான் எழுதிய எதையும் தவறு என்று யாரும் சொன்னதில்லை. கடைசிவரை படித்ததாகவும் யாரும் சொன்னதில்லை. நாளை முதல் இந்த நாட்குறிப்பைச் சுருக்கமாக எழுதுவது என்று முடிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மழை இல்லை.

(இரண்டு சொற்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை எண்ண வேண்டுமா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுதிவிடும் அபாயம் இருக்கிறது.)

ஆகஸ்ட் 5, புதன்

எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையே உள்ள விளக்கு எரியாமல் ஏழு மாதம் ஆகிறது. எப்சிபா அம்மாள் புதன், வெள்ளி மாலைகளில் கோயில் ஜெபத்துக்குப் போய் ஏழரை மணிக்குத் திரும்புவார். அந்த நேரத்தில் நான் டார்ச்சுடன் தற்செயலாக அங்கே நிற்பேன். ஏழு மாதமாகத் தற்செயல்தான். பதினேழு படிகள்.

இன்று ஒன்பதாவது படியில் அவர் நின்று, “பையன் புனேக்கே வந்திருங்கிறான் சார். முப்பத்தொண்ணாந்தேதி டிக்கெட். இந்த வீட்டைக் காலி பண்ணிரலாம்னு இருக்கேன்” என்றார்.

நான், “ஓ” என்றேன்.

“இங்க எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க?”

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நல்ல கேள்வி. அதற்கு நல்ல பதிலும் என்னிடம் இருந்தது. “அதாவது அம்மா, ‘யாரு இருக்கா’ன்னு கேக்கதை ரெண்டு விதமா அணுகலாம். ஒண்ணு, உறவு முறைன்னு பார்த்தா…” என்று தொடங்கினேன். உறவு முறையை முடித்து, அண்டை வீட்டார் என்ற தலைப்புக்கு வருவதற்குள் பதினேழாவது படி வந்துவிட்டது. அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் சிறிது நேரம் நின்றார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். கதவு மூடியது.

இரவு இட்லி மூன்று. வழக்கமாக நான்கு.

ஆகஸ்ட் 6, வியாழன்

மனைவி சிவகாமி இருந்தவரை எனக்கு இந்தச் சிக்கல் இல்லை. நான் “அதாவது” என்றதுமே அவள், “சரி, காப்பிதானே?” என்று எழுந்துவிடுவாள். அவள் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு நான் தொடங்கிய எந்த வாக்கியத்தையும் எனக்காக முடித்துவைக்க ஆள் இல்லை.

பேசுவதைவிட எழுதுவது எனக்கு நன்றாக வரும். வெள்ளைத்தாள் இரண்டு டஜன் வாங்கினேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

திருப்பூரிலிருந்து மகள் உலகம்மை பேசினாள். பொதுவாக ஒரு யோசனை கேட்டேன். என் நண்பர் ஒருவர். அவருக்குத் தெரிந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார். போக வேண்டாம் என்று நண்பருக்கு எண்ணம். அதை எப்படித் தெரிவிப்பது?

இதைச் சொல்லி முடித்தபோது அவள், “அப்பா, நான் தோசை மாவு ஆட்டி எடுத்து வச்சாச்சு. அந்த நண்பர்ட்ட சொல்லுங்க, ‘போகாதீங்க’ன்னு சொன்னாப் போதும்” என்றாள்.

“அது கொஞ்சம் வெட்டுனாப்ல இருக்காதா?”

“இருக்கட்டுமே. உங்க நண்பரும் ரெண்டாம் மாடியிலதான் இருக்காரா?”

இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

பிற்பகல் கடிதம் முடிந்தது. ஒன்பது பக்கம். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது நாகரிகமாகாது என்பதால், இருவரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

‘பெறுநர்: திருமதி எப்சிபா அவர்கள், செயற்குழு உறுப்பினர் (மகளிர்), குடியிருப்போர் சங்கம். பொருள்: இரண்டாம் மற்றும் மூன்றாம் மாடிகளுக்கு இடையிலான படிக்கட்டு விளக்கு எரியாமை – அதனைத் தொடர்ந்த சில நிகழ்வுகள் – பணிவுடன் தெரிவித்தல் – தொடர்பாக.’

விளக்கு எரியாமற்போன வரலாறு ஐந்து பக்கம் வந்துவிட்டது. அதன் பிறகு டார்ச், அதன் பேட்டரி, அந்தப் பதினேழு படிகள். விஷயம் ஒன்பதாம் பக்கத்தில், கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அதை எழுதும்போது முழங்கை பட்டுக் காப்பி சிந்திவிட்டது. பக்கத்தின் ஓரத்தில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. மறுபடி எழுதலாம். ஆனால் அந்த வாக்கியத்தை இரண்டாம் முறை எழுதும் துணிவு எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

மூன்று முறை மேலே போய் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாம் முறை, கதவைத் தட்டுமுன் அவரே திறந்துவிட்டார். குப்பைக் கூடையோடு வெளியே வந்தவர் கையில் உறையைக் கொடுத்தேன்.

“என்னது சார்?”

“ஒரு விண்ணப்பம். அதாவது, கடிதம்னும் சொல்லலாம். ஒரு வகையில…”

“வாசிச்சிட்டுச் சொல்லுதேன்” என்றார்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பதில் இல்லை. ஒன்பது பக்கம்; நேரம் எடுக்கும்.

ஆகஸ்ட் 12, புதன்

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டிய நாள்.

படியில் வரும்போது எப்சிபா அம்மாள் சாதாரணமாகச் சொன்னார்: “உங்க லெட்டரைச் செயலாளர்ட்ட குடுத்துட்டேன் சார். நீங்களே குடுக்கக் கூச்சப்படுவீங்கல்லா.”

 டார்ச் வெளிச்சம் கூரைக்குப் போய்விட்டு வந்தது.

“முழுசா…” என்றேன். “அதாவது, தாங்கள் அதை முழுவதுமாக…”

“மேலயே பொருள்னு போட்டிருந்தீங்களே. லைட்டுன்னு.”

பதினேழாவது படியில், “நல்லா எழுதுதீங்க சார்” என்றார்.

எதை வைத்துச் சொன்னார் என்று கேட்கவில்லை. இட்லி இரண்டு.

ஆகஸ்ட் 13, வியாழன்

செயலாளர் ஆவுடையப்பன் பேருந்துப் பணிமனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விதிமுறைப் புத்தகம் இல்லாமல் மாடி இறங்க மாட்டார். கடிதத்தைத் திரும்பப் பெறுவதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்துக்கு வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் இரண்டு முறை தேநீர் வந்தது.

“அண்ணாச்சி, வந்த கடிதம் வந்ததுதான். இன்வேர்டு நம்பர் போட்டாச்சு. நாப்பத்தேழு” என்றார் அவர்.

“அனுப்பினவனே திரும்பக் கேட்டாலுமா?”

“அனுப்பினவரு நீங்க. வாங்கினது சங்கம். இப்பம் அது சங்கத்துச் சொத்துல்லா? இருபத்து மூணாந்தேதி ஆண்டுப் பொதுக்கூட்டத்துல எந்திரிச்சு வாசிப்பேன். முழுசா வாசிப்பேன். போன வருசம் ஒருத்தர் கடிதத்தைச் சுருக்கி வாசிச்சதுக்கு என்னைய சர்வாதிகாரின்னுட்டாங்க. அதுல இருந்து ஒரு எழுத்தைக்கூட விடுததில்ல.”

“நீங்க இதை ஏற்கெனவே படிச்சீங்களா?”

“ரெண்டு பக்கம் பார்த்தேன். லைட்டுதானே? நாளைக்கே போட்டிருதேன். இதுக்குப் போயி ஒம்பது பக்கம் எழுதியிருக்கீங்களே அண்ணாச்சி, உங்களுக்கு எம்புட்டு மன வேதனை இருந்திருக்கணும்!”

பதினாறு வீட்டாரும் கூடியிருக்கும் அவையில் என் கடைசி வாக்கியம் வாசிக்கப்படும். பத்து நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

விளக்குப் போட்டுவிட்டார்கள். அறுபது வாட் குண்டு பல்பு.

ஏழரை மணிக்கு டார்ச்சுடன் நின்றேன். படிக்கட்டு கல்யாண மண்டபம் போல் இருந்தது. எப்சிபா அம்மாள் வந்தார். விளக்கைப் பார்த்தார். என் டார்ச்சைப் பார்த்தார்.

“இனிமே நீங்க அலைய வேண்டாம் சார்.”

வாழ்நாளில் எழுதிய விண்ணப்பங்களில் உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 15, சனி

காலையில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். படிக்கட்டு விளக்கைக் காணவில்லை, காரணம் தெரியவில்லை. என் வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சிறு சூட்டுக் காயம். களிம்பு தடவினேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

செயலாளர் வேறு பல்பு போட்டார். உலகம்மை பேசினாள். “உங்க நண்பர் சொல்லிட்டாராப்பா?” என்றாள். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

இரண்டாவது பல்பையும் காணவில்லை. இடக்கைக் கட்டைவிரலுக்கும் களிம்பு.

செயலாளர் கொதித்துப்போய் வந்தார். “கட்டடத்துக்குள்ளயே ஒரு பல்புத் திருடன் இருக்கான் அண்ணாச்சி! விசாரணைக் குழு போடப் போறேன். நேர்மையான ஆளு ஒருத்தர் வேணும். உங்களை விட்டா யாரு?”

மறுத்திருக்கலாம். மறுப்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்துவதற்குள் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20, வியாழன்

விசாரணைக் குழுவின் அறிக்கையைச் சமர்ப்பித்தேன். நான்கு பக்கம். பல்பின் பயன், அதன் வகைகள், படிக்கட்டின் அமைப்பு, வந்துபோவோர் விவரம். நான்காம் பக்கத்தின் இறுதியில் உண்மையை உள்ளபடி எழுதியிருக்கிறேன். மனச்சாட்சி இப்போது லேசாக இருக்கிறது.

செயலாளர் முதல் பக்கத்தைப் படித்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். “அருமையான அறிக்கை. ஆள் சிக்காமலா போயிருவான்?” என்று கோப்பில் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, சனி

மூன்றாம் மாடியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எப்சிபா அம்மாள் எட்டிப் பார்த்து, “கட்டுததுக்குக் கயிறு இருக்குமா சார்?” என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். நல்ல கயிறு. ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

“நாளைக்குக் கூட்டத்துக்கு வருவீங்கல்லா?” என்றார்.

“உடல் நிலை கொஞ்சம்…”

“வாங்க சார்” என்றார். பிறகு பெட்டிகளிடம் போய்விட்டார்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

சுருக்கமாக எழுத முடியாது.

கூட்டம் காலை பத்து மணிக்கு வாகனம் நிறுத்துமிடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள். பின்வரிசை ஓரத்தில் தூண் மறைவில் உட்கார்ந்தேன். எப்சிபா அம்மாள் செயற்குழுவோடு முன்வரிசையில் இருந்தார். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் வைக்கும் யோசனை, நாய் வளர்ப்போர் கடமைகள் எல்லாம் ஆன பிறகு ஆவுடையப்பன் தொண்டையைச் செருமி, “கடிதம் எண் நாப்பத்தேழு” என்றார்.

வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கத்தில் எல்லாரும் இருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில், அதுதான் விளக்குப் போட்டாயிற்றே என்று ஒருவர் சொன்னார். போட்டதையும் திருடிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். முழுவதும் வாசிப்பது விதி என்றார் செயலாளர். நான்காம் பக்கத்தில் குழந்தை வைத்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஐந்தாம் பக்கத்தில் குழந்தை இல்லாதவர்களும் எழுந்தார்கள். ஆறாம் பக்கத்தில் முதல் குறட்டை கேட்டது. என் எழுத்து நடையை வாழ்க்கையில் முதல் முறையாக வாழ்த்தினேன். இதே வேகத்தில் போனால் ஒன்பதாம் பக்கத்தில் கேட்பதற்கு ஆளே இருக்காது என்று கணக்கிட்டேன்.

ஆனால் எப்சிபா அம்மாள் அசையவில்லை. எதிர்முனையில் யாரோ பேசுவதை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பவர் போல் தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

எட்டாம் பக்கத்தின் அடியில் செயலாளரின் குரல் கம்மிவிட்டது. தண்ணீர் குடித்தார். “‘ஆகவே, மேற்படி பதினேழு படிகளையும் மேற்சொன்ன ஏழு மாதங்களையும் முன்னிட்டு…’” என்று படித்து, விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைப் புரட்டப் போனார்.

நான் எழுந்தேன். யார் எழுந்தது என்று நானே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

“போதும்” என்றேன்.

குறட்டை நின்றது. என் வாயிலிருந்து முன்னுரை இல்லாமல் வந்த முதல் சொல் அது.

ஆவுடையப்பன் விரலை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். “அண்ணாச்சி, விதிப்படி முழுசா…”

“எழுதினவன் நான். நானே சொல்லிருதேன்.”

“அப்பம் சுருக்கமாச் சொல்லுங்க. எனக்கும் தொண்டை போயிட்டு. என்னதான் கோரிக்கை?”

அதாவது என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்தது. தப்பா எடுத்துக்கிடக் கூடாது என்பது அதன் பின்னால் வரிசையில் நின்றது. முன்வரிசையில் எப்சிபா அம்மாளின் கை மெல்ல மேலே வந்தது. தன் மணிக்கட்டைப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தது.

“எப்சிபா போகக் கூடாது” என்றேன்.

 வெளியே பழவண்டிக்காரர் கொய்யா என்று கூவிப் போனார். உட்கார நாற்காலியைத் தேடினேன். அது எங்கேயோ போய்விட்டிருந்தது.

ஆவுடையப்பன் வழுக்கையைத் தடவினார். நடைமுறை தெரிந்த மனிதர். தடுமாறும்போது நடைமுறையைத்தான் பிடித்துக்கொள்வார். “சரி. இது கோரிக்கை இல்ல, தீர்மானம். முன்மொழிஞ்சது ரெண்டாம் மாடி சங்கரநயினார். வழிமொழியுதது யாரு?”

யாரும் கை தூக்கவில்லை. விழித்திருந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழிமொழிவார் இல்லாத தீர்மானம் விழுந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அலுவலகத்தில் பல விழுந்திருக்கின்றன.

“நான்” என்றார் எப்சிபா அம்மாள்.

ஆவுடையப்பன் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார். “அம்மா, உங்களைப் பத்தின தீர்மானத்தை நீங்களே வழிமொழியலாமான்னு…”

“கூடாதுன்னு இருக்கா?”

பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இல்ல.”

“அப்பம் எழுதுங்க.”

எழுதினார். தூங்கியவர்களும் ஆதரவாகக் கொள்ளப்பட்டு ஒருமனதாக நிறைவேறியது. தேநீரும் வாழைக்காய் பஜ்ஜியும் கொடுத்தார்கள். கடிதத்தை ஆவுடையப்பனே என் கையில் திணித்தார். “தீர்மானம் ஆயிட்டு. இனிமே இதை வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?” வீட்டுக்கு வந்ததும் அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்ட் 24, திங்கள்

கயிறு திரும்பி வந்தது.

ஆகஸ்ட் 26, புதன்

நேற்றுச் செயலாளர் மூன்றாவது பல்பைப் போட்டுச் சுற்றிலும் கம்பிக் கூண்டு மாட்டினார். மாலை ஐந்து மணிக்கு இன்டர்காம் ஒலித்தது. எப்சிபா அம்மாள்.

“சார், இன்னைக்குப் புதன்லா.”

“ஆமா.”

“படியில லைட்டு ரொம்ப வெளிச்சமா இருக்கு. எனக்குக் கண்ணு கூசுது.”

இதற்கு என்ன பொருள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“கூண்டுக்குக் கீழ ஒரு கொக்கிதான். ஸ்விட்சை அணைச்சு, ஆறவிட்டுக் கழத்துங்க. போன ரெண்டு தடவை மாதிரி விரலைச் சுட்டுக்கிடாதீங்க. உங்களுக்கு எதுலயும் பதட்டம். ஒம்பதாம் பக்கத்துலகூட அம்மாம் பெரிய காப்பிக் கறை.”

“சரிம்மா” என்றேன்.

அதன் பிறகே அது உறைத்தது. கூட்டத்தில் ஒன்பதாம் பக்கம் புரட்டப்படவே இல்லை. கடிதம் எப்சிபா அம்மாள் கையில் இருந்தது பத்தாம் தேதி முதல் பன்னிரண்டு வரை. அதன் பின் செயலாளரிடம். அதன் பின் என் பெட்டியில். சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. ஆக, அந்த இரண்டு நாளில் முழுவதையும் படித்துவிட்டு, எல்லாக் கடிதத்தையும் எழுத்து விடாமல் சபையில் வாசிக்கும் ஒரு மனிதரிடம்…

“அம்மா,” என்றேன், “ஒரு சிறு ஐயம். தப்பா எடுத்துக்கிடக் கூடாது. நான் குற்றம் சாட்டுததா நினைக்க வேண்டாம். அதாவது, மேற்படி ஒன்பதாம் பக்கத்தைப் பொறுத்தவரை, தாங்கள்…”

“மூணு நிமிஷம் முடிஞ்சிட்டு சார்” என்றார் ஆபரேட்டர் குரலில். “மிச்சத்தை ஏழரைக்குப் படியில வந்து சொல்லுங்க.”

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டேன்.